அமாவாசைக்கு அளந்த கிணறு

அண்ணா,

உங்கள் கயிறு என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை உங்கள் மகன் மஞ்சள் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் முகத்தைப் பார்த்து எனக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. "அப்பா போய் இருபது நாள் ஆச்சுங்க" என்றான். எனக்கு யாரும் சொல்லவில்லை. படுக்கையில் கிடந்தபோதாவது, இன்னாருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? கோபம் வந்தது. ஒரு வாரமாகியும் அது தீரவில்லை.

"கயித்தை மட்டும் கெணத்தம்மாகிட்ட குடுத்துடுன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலைங்க" என்றான். காபி கொடுத்தேன். பாவம், உங்களைப் போலவே கடைசிச் சொட்டைத் தம்ளரில் விட்டுவைக்கிறான்.

அவன் போனபிறகு பையைப் பிரித்தேன். அந்த வாசனை அப்படியே இருக்கிறது. ஊறி ஊறிக் காய்ந்த தேங்காய் நார், பாசி, கொஞ்சம் டீசல். அடிக்கு ஒரு முடிச்சு. பதினைந்தாவது முடிச்சு வரை பச்சை நூல், இருபது வரை மஞ்சள் நூல், இருபத்திரண்டில் சிவப்பு. நுனியில் கனத்துக்குக் கட்டின அந்தப் பழைய பித்தளைக் குழாய் மூக்கு. சிவப்பு நூல் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. அனகாபுத்தூரில் உங்கள் அப்பா தறியில் மிஞ்சின நூல் என்று சொல்லியிருக்கிறீர்கள். தறி போய், அப்பாவும் போய், இப்போது நீங்களும் போய்விட்டீர்கள். நூல் மட்டும் என் சமையலறை மேடை மேல் கிடக்கிறது.

நீங்கள் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். நான் கிணறு வைத்திருந்தவள். இந்தக் கயிறு இல்லாவிட்டால் நமக்குள் என்ன பழக்கம்?

எண்பதுகளின் நடுவில் எங்கள் பீர்க்கன்கரணை வயலுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் உங்கள் ஸ்டேஷன் ஆரம்பித்தது. அதை ஸ்டேஷன் என்று சொல்லவே அப்போது எங்களுக்குச் சிரிப்பு வரும். இருந்தது ஒரே வண்டி. அதையும் காலையில் நாலு பேர் தள்ளினால்தான் உறுமும். ஆட்கள் ஏழெட்டுப் பேர். சங்கு கிடையாது, வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தீர்கள். போன் ஒன்று இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் அப்போது போன் வைத்திருந்த வீடு எத்தனை? நெருப்பு என்றால் யாராவது சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, பேச்சு வராமல் கையைக் காட்டுவார்கள். வேலை முடிந்து வந்தால் நனைந்த கான்வாஸ் ஹோஸைக் காயவைக்க இடமில்லாமல் எங்கள் தென்னைகளுக்கு நடுவில் கட்டுவீர்கள். அதன் பக்கத்தில் என் புடவைகள் காயும். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "கவர்மென்ட் துணியும் நம்ம துணியும் ஒண்ணாக் காயுது" என்று கேலி செய்வார்.

முதல் நாளே உங்களோடு சண்டைதான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனால், காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் எங்கள் கிணற்றுச் சுவரில் வயிற்றை வைத்துத் தலைகீழாகத் தொங்காத குறையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"யாருய்யா அது? கேட்டுட்டு எட்டிப் பாக்கக் கூடாதா?" என்றேன்.

"ஃபயர் சர்வீஸ் மா. தண்ணி எவ்ளோ கீழ கீதுன்னு பாத்துகினு கீறேன்" என்றீர்கள், நிமிராமலேயே. "நெருப்பு இன்னா, கேட்டுட்டா வருது?"

பத்தாவது வரை படித்தவள், ஊரில் யாருக்கும் வாய் சளைக்காதவள், அன்றைக்கு வாளியை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு நீங்களே இறங்கிவந்து விளக்கினீர்கள். வண்டியில் இருக்கிற தண்ணீர் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் பக்கத்தில் கிணறோ குளமோ இருந்தால்தான் உண்டு. "வண்டி மேல நின்னுகினு தண்ணிய உறியணும் மா. இருவத்திரெண்டு அடிக்குக் கீழ போச்சுன்னா அதால இழுக்க முடியாது, காத்துதான் வரும். செவப்பு நூலுக்குக் கீழ கீற தண்ணி கண்ணுக்குத்தான் தண்ணி, வண்டிக்கு இல்ல." சுற்றுவட்டாரத்தில் அப்படி நாற்பது கிணறு எழுதிவைத்திருந்தீர்கள். மாதம் ஒருமுறை நாற்பதையும் சைக்கிளில் போய் அளந்து ஸ்டேஷன் நோட்டில் ஏற்றுவீர்கள். யாரும் உங்களைச் செய்யச் சொன்ன வேலை இல்லை அது.

எங்கள் கிணற்றுக்கு மட்டும் அமாவாசை. ஏன் அமாவாசை என்று முதலில் எனக்குப் புரியவில்லை. மறக்காமல் இருக்கத்தான் என்றீர்கள். மூன்றாவது மாதம் புரிந்தது. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு நான் உள்ளே வரவும், நீங்கள் கயிற்றோடு கேட்டைத் திறக்கவும் சரியாக இருக்கும். உளுந்து வடை அடுப்பிலிருந்து இறங்குகிற நேரம்.

"அளக்க வர்றீங்களா, வடைக்கு வர்றீங்களா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ரெண்டும் ஒரே வழில கீது. நான் இன்னா பண்றது?" என்றீர்கள். அதிலிருந்து உங்களுக்கு நான் கெணத்தம்மா. ஸ்டேஷனில் எல்லோருக்குமே அந்தப் பெயர் தொற்றிக்கொண்டது. என் சொந்தப் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்றுகூட எனக்குச் சந்தேகம்தான்.

வடை தின்னும்போதெல்லாம் ஒரே பேச்சு, புது வண்டி. ஸ்டேஷனுக்குப் பெரிய கட்டடம் வரப்போகிறது, புது வண்டி வரப்போகிறது, வயர்லெஸ் வரப்போகிறது. கட்டடமும் வயர்லெஸ்ஸும் மற்றவர்களுக்கு. வண்டி உங்களுக்கு. தள்ளாமல் கிளம்புகிற வண்டியை நீங்களே போய் எடுத்துக்கொண்டு, ஜி.எஸ்.டி ரோட்டில் மணியடித்துக்கொண்டு வருவீர்களாம். "மொத தண்ணி உன் கெணத்துலதான் ரொப்புவேன் மா. மெய்யாலும் சொல்றேன். மால வாங்கி வெச்சுக்கோ." நானும் சரி என்றேன்.

இரண்டு மூன்று வருடத்துக்குள் ஊர் என்ன வேகத்தில் மாறியது. எங்கள் வயலுக்கு அந்தப் பக்கம் இருந்த நிலமெல்லாம் மனையாயிற்று. நகர் என்று பெயர் வைத்த பலகைகள் நட்டார்கள். வாத்தியார்கள், ஆபீஸில் வேலை செய்கிறவர்கள், நல்ல குடும்பங்கள் வந்து வீடு கட்டினார்கள். ஆனால் அவர்கள் போட்ட போரில் தண்ணீர் உப்பு. அப்போதுதான் தண்ணீர் லாரிகள் வர ஆரம்பித்தன. ஒரு லாரிக்காரன் என் வீட்டுக்காரரிடம் வந்து பேசினான். எங்களுக்கும் மாடி கட்ட ஆசை. மறைப்பானேன், காசுக்காகத்தான் சரி சொன்னோம். நான்தான் முதலில் தலையாட்டினேன்.

லாரிக்காரன் கெட்டிக்காரன். மோட்டரைக் கிணற்றுக்குள் கடைசிப் படியில் இறக்கி வைத்துவிட்டான். அவனுக்கு ஆழம் ஒரு கணக்கில்லை, முப்பது அடியிலிருந்தும் தள்ளிவிடும். உங்கள் வண்டிதான் மேலே நிற்க வேண்டியது. அது எனக்குத் தெரியும் அண்ணா. நீங்கள் அவ்வளவு சொல்லிக்கொடுத்தும் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. தெரிந்துதான் செய்தேன். பங்குனி மாதம் அமாவாசை நெருங்கியபோது எனக்குப் பயம் பிடித்தது. நீங்கள் கயிறு விடுவீர்கள், சிவப்பைத் தாண்டும், நோட்டில் எழுதுவீர்கள், கேள்வி கேட்பீர்கள். அதற்கு நான் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பே லாரியை வர வேண்டாம் என்று நிறுத்தினேன். மோட்டரைத் தூக்கி மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் வைத்தேன். எங்கள் கிணற்றில் ஊற்று நல்ல ஊற்று. இரண்டு நாளில் தண்ணீர் மேலே ஏறிவிடும்.

நீங்கள் வந்தீர்கள். பித்தளை மூக்கு தண்ணீரைத் தொட்டது. "பத்தொம்போது. மஞ்சள். இந்த வெயில்லயும் உன் கெணறு கெத்தாத்தான் மா கீது" என்றீர்கள். நான் வடைத் தட்டை நீட்டினேன். சித்திரையிலும் அதே கூத்து. அன்றைக்கு இரண்டு வடை கூடவே வைத்தேன். நினைத்தால் இப்போதும் என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

சித்திரை அமாவாசை கழிந்து எட்டாவதோ ஒன்பதாவதோ நாள். அக்னி நட்சத்திர வெயில். மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஏரிக்கரையோரம் இருந்த ஓலைக் குடிசை வரிசையில் ஒரே சத்தம். எழுந்து பார்த்தால் கறுப்புப் புகை. அந்த வரிசையில் நடுக்குடிசை முனுசாமியுடையது. ஆபீஸ்களுக்கு ஒயர் நாற்காலி பின்னிக் கொடுப்பவர். எங்கள் கூடத்து நாற்காலி நாலும் அவர் பின்னினதுதான். அவர் வீட்டில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் ஒயர் பற்றிக்கொண்டதால்தான் அந்தக் கறுப்பு.

தண்டவாளத் துண்டு அடிக்கிற சத்தம் அடங்குவதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். வண்டியில் இருந்த தண்ணீரை முதல் இரண்டு குடிசை மேல் அடித்தார்கள். அது தீரும் முன்பே நீங்கள் வண்டியைத் திருப்பி எங்கள் கிணற்றோரம் கொண்டுவந்து, அந்தத் தடித்த உறிஞ்சு குழாயை உள்ளே இறக்கச் சொல்லிவிட்டீர்கள். உங்களுக்குத்தான் மஞ்சள் என்று தெரியுமே. எஞ்சினை முறுக்கினீர்கள். குழாய் துள்ளியது, இருமியது. சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

அன்று காலையில் மட்டும் லாரி மூன்று நடை அடித்திருந்தது.

நீங்கள் குதித்து இறங்கி எட்டிப் பார்த்தீர்கள். வெயிலில் மெல்ல மெல்ல வற்றும் கிணற்றுக்குச் சுவர் காய்ந்து வெளுத்திருக்கும். காலையில் இறைத்த கிணற்றுக்குத்தான் சுவர் ஈரமாகக் கறுத்திருக்கும். எங்கள் கிணற்றில் அன்று பத்தடிக்குமேல் கறுப்பு. நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். கடைசிப் படியில் இருந்த மோட்டரைப் பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். திட்டியிருக்கலாம். அதற்குக்கூட உங்களுக்கு நேரமில்லை. "கொயாவ இஸ்து மேல போடுங்கடா, ஏரிக்குப் போலாம்" என்று ஆட்களிடம் கத்தினீர்கள்.

ஏரியில் கோடைத் தண்ணீர் நடுவில் ஒதுங்கிக் கிடந்தது, வண்டி சேற்றில் இறங்காது. கடைசியில் அந்தப் புது நகர் வீட்டுக்காரர்களின் தொட்டியைத் திறந்து ரொப்பிக்கொண்டு நீங்கள் திரும்பியபோது பதினோரு குடிசையும் தரையோடு தரையாகிவிட்டன. உயிர் ஒன்றும் போகவில்லை, ஒரு ஆட்டுக்குட்டிகூட. அதைச் சொல்லித்தான் எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். ஆனால் முனுசாமியின் பெண் அதற்கு முந்தைய வருடம்தான் பத்தாவது தேறியிருந்தாள், அந்த வரிசையிலேயே முதல் ஆளாக. தகரப் பெட்டியில் இருந்த அவள் சர்டிபிகேட் கரியாகிவிட்டது. அவள் அழவில்லை. பெட்டியைக் கவிழ்த்து, அந்தக் கரியை ஒரு குச்சியால் புரட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நானும் பத்தாவது படித்தவள்தான். அந்தப் பக்கம் போய் அவள் பக்கத்தில் நிற்க எனக்குக் கால் வரவில்லை.

விசாரணைக்கு நகரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எங்கள் கூடத்தில், முனுசாமி பின்னின நாற்காலியிலேயே உட்கார்ந்தார். நீங்கள் சுவரோரம் நின்றீர்கள். நிலைமையைப் பார்த்து மோட்டரை லாரிக்காரன் அன்று சாயங்காலமே கழற்றிக்கொண்டு போயிருந்தான்.

"தீப்பிடிக்கிறதுக்கு எட்டு நாள் முன்னாடி இந்தாளு பத்தொம்பது அடின்னு எழுதியிருக்கார். தீப்பிடிச்ச அன்னைக்கு முப்பதுக்குக் கீழ. கிணத்துல எப்பவும் எவ்வளவு தண்ணிம்மா இருக்கும்?" என்று கேட்டார்.

எனக்கு வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது. அதற்குள் நீங்கள் பேசினீர்கள்.

"அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது சார். முடிச்ச எண்றப்போ நான்தான் தப்பா எண்ணிட்டேன்."

முடிச்சை எண்ணத் தெரியாதவரா நீங்கள்? தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. இருட்டில் கொடுத்தாலும் விரலாலேயே எண்ணுவீர்கள். அதிகாரி உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதினார். கிணறு கோடையில் வற்றிவிட்டது என்று என் வாக்குமூலமாக ஒரு வரி. அதன் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். நல்ல கையெழுத்து என்று பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவள் நான்.

உங்களை வடக்கே எங்கோ ஒரு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். போவதற்கு முன் முனுசாமியின் பெண்ணுக்காக ஸ்டேஷனில் தீ விபத்துக் கடிதம் வாங்கி, அவளையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினீர்கள் என்று கேள்விப்பட்டேன். மறு சர்டிபிகேட் கிடைத்தது. எங்கள் வீட்டுப் பக்கம் நீங்கள் வரவில்லை. ஆடி அமாவாசைக்கு வடை சுட்டேன். மீந்துபோயிற்று.

அடுத்த வருடம் உங்கள் ஸ்டேஷனுக்குக் கட்டடம் வந்தது, நீங்கள் சொன்னது போலவே. மெயின் ரோட்டில், இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு, ஹோஸ் காயப்போட உயரமான கோபுரத்தோடு. புது வண்டியும் வந்தது. ஜி.எஸ்.டி ரோட்டில் மணியடித்துக்கொண்டு வந்தபோது நானும் ஓரமாக நின்று பார்த்தேன். செக்கச்செவேல் என்று இருந்தது. மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஓட்டி வந்தவர் யாரோ ஒரு சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளைதான். முதல் தண்ணீரை ஸ்டேஷன் போரிலேயே ரொப்பினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரரிடம் கண்ணில் சோப்பு என்று சொன்னேன்.

தீப்பிடித்து இரண்டு வருடம் கழித்து ஒரு புதன்கிழமை, எந்த விசேஷமும் இல்லாத நாள், கேட் திறக்கிற சத்தம். நீங்கள்தான். பழைய ஸ்டேஷனுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்திருந்தீர்கள். தலை நரைத்திருந்தது. கையில் இதே கயிறு. "இன்னைக்கு அமாவாசை இல்லையே" என்றேன்.

"அமாவாசைக்கு உன் கெணறு நல்லாத்தான் மா கீது. மத்த நாளுக்கு இன்னா பண்ணுதுன்னு பாக்கத்தான் வந்தேன்."

நீங்கள் என் பக்கம் திரும்பாமல் கயிற்றைப் பிரித்துக்கொண்டே பேசினீர்கள். "உன்னிய காப்பாத்துனேன்னு நெனச்சுகினு இருக்காத. உன்னிய புடிச்சுக் குடுத்தா மத்த கெணத்துக்காரங்க எல்லாம் கேட்டப் பூட்டிடுவாங்க. எனக்கு நாப்பது கெணறு வேணும். அதான்."

அதில் எனக்கு வலிக்கவும் செய்தது, நிம்மதியாகவும் இருந்தது. இரண்டு வருடமாக உங்களைப் பெரிய தியாகியாக்கி, அந்தப் பாரத்தில் நசுங்கிக்கொண்டிருந்தேன். நீங்களோ உங்கள் வேலையைத்தான் பார்த்திருக்கிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று சொல்ல வாயெடுத்தேன். பித்தளை மூக்கு தண்ணீரைத் தொட்டது. "பதினேழு" என்றீர்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க நீங்கள் விடவில்லை.

கேட் வரை வந்து கேட்டேன். "நான் இப்பவாவது அந்த ஆபீசர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"இப்பவா? நாப்பதுல இப்ப முப்பத்தொண்ணுதான் மா கீது. கெணறு எல்லாம் போய் முடியட்டும். அப்பால போய் நல்லா சொல்லு" என்று சிரித்தீர்கள். வேடிக்கையாகச் சொல்கிறீர்கள் என்றுதான் அன்று நினைத்தேன்.

அதற்குப்பிறகு லாரிக்கு என் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மாடி நாலு வருடம் தள்ளிப்போயிற்று, போகட்டும். நீங்களும் அமாவாசைக்கு வரவே இல்லை. சனிக்கிழமை வருவீர்கள், திங்கட்கிழமை வருவீர்கள், ஒரு மாதத்தில் இரண்டு தடவையும் வருவீர்கள். வடை கிடையாது, இருக்கிற குழம்பைப் போட்டுச் சாப்பிடுவீர்கள். என் மேல் சந்தேகமா என்று ஒருநாள் வம்புக்குக் கேட்டேன். "உன் மேல இல்ல. அமாவாசை மேல" என்றீர்கள்.

ஸ்டேஷனோ வளர்ந்துகொண்டே போனது. வயர்லெஸ் வந்தது. இன்னொரு வண்டி வந்தது. தெற்கே ஒன்று, பொழிச்சலூர்ப் பக்கத்துக்கு ஆகிற மாதிரி ஒன்று என்று புது ஸ்டேஷன்களைப் பற்றிப் பேசினார்கள். தொண்ணூறுகளில் லாரி அளவு தண்ணீரைத் தானே சுமந்துவருகிற வண்டி வந்தது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றுப் படியிலேயே இறக்கி வைக்கிற சின்ன பம்பும் வந்தது. அதை நீங்கள்தான் எனக்கு வந்து காட்டினீர்கள். லாரிக்காரன் மோட்டர் மாதிரியேதான். அது வந்ததும் உங்கள் சிவப்பு நூலுக்கு வேலையில்லாமல் போயிற்று. புதிதாக வந்த பையன்கள் உங்கள் கயிற்றைப் பார்த்து, "இன்னும் எதுக்கு அளந்துகினு, பேஜாரு" என்று கிண்டல் செய்வதாகச் சொன்னீர்கள். சொல்லும்போது உங்களுக்குக் கோபமில்லை. பெருமையாகத்தான் இருந்தது. பத்து வருடத்தில் தண்டவாளத் துண்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று.

ஆனால் கிணறுகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை சொல்வீர்கள். இருபத்து நாலு. பதினாறு. ஓய்வு பெற்ற நாளில் தட்டு நிறைய லட்டோடு வந்து, "ஒம்போது" என்றீர்கள். அதற்கப்புறமும் சைக்கிளில் வருவீர்கள். நோட்டில் எழுத ஆளில்லாவிட்டாலும் அளப்பீர்கள். முட்டி வலி வந்தபிறகு வரவில்லை. போனில் ஒன்றிரண்டு தடவை பேசினோம். நானும் வந்து பார்த்திருக்க வேண்டும். உங்கள் வீடு இருக்கிற பொழிச்சலூர் என்ன, சீமையிலா இருக்கிறது? நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

இப்போது எங்கள் வயலில் நாலு மாடி வீடுகள். என் வீட்டுக்காரர் இல்லை. மகன் காரை நிறுத்த இடமில்லாமல் தினமும் கிணற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். "மூடிட்டா ரெண்டு கார் நிறுத்தலாம்மா" என்கிறான். நான் இருக்கும்வரை நடக்காது என்று சொல்லிவிட்டேன். கம்பிவலை போட்டு வைத்திருக்கிறோம்.

கயிறு வந்த மறுநாள் உங்கள் மகனுக்குப் போன் செய்தேன். "அப்பாவோட கிணறுங்கள்ல இப்ப எத்தனை இருக்கு, தெரியுமா?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. கடைசி மாதத்தில் அவனையே பைக்கில் அனுப்பிப் பார்த்துவரச் சொன்னீர்களாமே. ஒன்று அபார்ட்மென்ட்டுக்கு அடியில், ஒன்று கல்யாண மண்டபத்துக்கு அடியில், ஒன்றின் மேல் ரோடே போகிறது. "உங்களது ஒண்ணுதாங்க மீதி" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீங்கள் எதற்குக் கயிற்றை மட்டும் கொடுத்தனுப்பினீர்கள் என்று. நான் உண்மையைச் சொன்னாலும் பயந்து பூட்டுவதற்கு இனி யாருடைய கேட்டும் இல்லை.

இன்று காலை ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனேன். எவ்வளவு வண்டிகள் அண்ணா, எல்லாம் பளபளவென்று. மடியில் கயிற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதிகாரி, என் மகனைவிடச் சின்னவர், மரியாதையாகத்தான் கேட்டார். முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, மோட்டர், வைக்கோல், வடை உட்பட.

"முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. அந்த ஃபைலே இருக்காது. அவரும் இல்லன்னு சொல்றீங்க. இப்ப இதை வெச்சு நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார்.

"ஒண்ணும் பண்ண வேணாம் சார். முடிச்சு எண்ணத் தெரியாதவர்னு இந்த ஆபீஸ்ல எழுதி வெச்சிருக்கீங்க. அது பொய். அதுல என் கையெழுத்து இருக்கு. அதை நான் மாத்தணும்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தார். எழுதினேன். கிணறு வற்றவில்லை, நான்தான் இறைக்க விட்டேன்; அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பே லாரியை நிறுத்தினது நான்; அவர் சரியாகத்தான் எண்ணினார். எழுத்து கோணலாகிவிட்டது. கீழே என் முழுப்பெயரை எழுதினேன். அதற்குப் பக்கத்தில் கெணத்தம்மா என்றும் எழுதினேன், இல்லாவிட்டால் உங்களுக்கு ஆள் தெரியாதே.

அவர் படித்தார். முத்திரை குத்தி, தேதி போட்டு, ஒரு நகலை என்னிடம் கொடுத்தார். பிறகு கயிற்றைக் கையில் வாங்கி அந்த வெளுத்த நூலைத் தடவிப் பார்த்தார். "அந்தக் கெணறு இப்ப இருக்காம்மா?"

"இருக்கு."

"தண்ணி எத்தனை அடியில இருக்கும்?"

"அளந்து சொல்றேன் சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து மகனைக் கூப்பிட்டுக் கம்பிவலையை விலக்கச் சொன்னேன். உங்களைப் போலச் சுவரில் வயிற்றை வைத்துக்கொண்டு கயிற்றை விட்டேன். மூட்டு பயங்கரமாக வலித்தது. பித்தளை மூக்கு தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டது. மேலே இழுத்து, ஈரம் ஏறினது போக மிச்சத்தை முடிச்சு முடிச்சாக விரலால் எண்ணினேன். இரண்டு தரம் எண்ணினேன். பிறகு ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். எழுதிக்கொண்டார்கள்.

இன்று அமாவாசை இல்லை, அண்ணா. பதினாலு அடி.